காய்ச்சினால் போதாது!

வீராணம் பச்சையாகும் கோடைகள்... கேண்டிலுக்கும் கொதிக்கும் பானைக்கும் அடங்காத நஞ்சு... பீங்கான் ஊர் கேட்க வேண்டிய கேள்விகள்!

வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குப் போவது நாடறிந்த விஷயம். அந்தத் தண்ணீர் சில கோடைகளில் பச்சையாகிவிடுவது லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில், சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஜனங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஏரி மட்டம் இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறி, காற்றும் அசையாமல் கிடக்கும் நாட்களில் கரையோரம் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு பச்சை ஏடு படரும். காலையில் மேலே மிதக்கும், காற்றடித்தால் ஒரு மூலையில் ஒதுங்கும், அழுகினால் நாறும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படமும் நாலு வரிச் செய்தியும் வரும். மழை வந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பீங்கான் ஊரான விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறினால் சேத்தியாத்தோப்பு ஒரு மணி நேரத் தூரம். 'அது வீராணத்துப் பாடு, நமக்கென்ன?' என்று இந்த ஊர் ஒதுங்கிவிட முடியாது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, தமிழ்நாட்டின் ஊர்கள் ஒவ்வொன்றாக ஏரி, ஆறு, அணைத் தண்ணீரை நம்பும் கூட்டுக்குடிநீர்த் திட்டங்களுக்கு மாறி வருகின்றன. போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருக்கலாம். வெயில் படாத ஆழத்தில் பாசி வளராது. திறந்த நீர்நிலையை நம்ப ஆரம்பித்த நாளிலிருந்து பாசியும் நம் வீட்டுக் கவலைதான்.

தண்ணீர் சரியில்லை என்றால் நம் வீடுகளில் மூன்று வைத்தியம் உண்டு. காய்ச்சிக் குடிப்பது, கேண்டில் ஃபில்டரில் ஊற்றி எடுப்பது, பிளீச்சிங் பவுடரோ குளோரின் மாத்திரையோ போடுவது. காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாவற்றிலும் தலைமுறை தலைமுறையாக நம்மைக் காப்பாற்றியவை இவை. ஏரிப் பாசி விஷயத்தில் மட்டும் இந்த மூன்றும் கைவிரித்துவிடுகின்றன. சில சமயம் நிலைமையை மோசமாக்கியும் விடுகின்றன.

எந்தப் பாசி?

படிக்கட்டில் வழுக்குவதும் பாசிதான், மாடித் தொட்டிச் சுவரில் ஒட்டுவதும் பாசிதான். இவற்றில் பெரும்பாலானவை பச்சைப்பாசி. பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆளைக் கொல்லாது. பயப்பட வேண்டியது நீலப்பச்சைப்பாசிக்கு. பேர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா இனம். பூமியில் 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவரும் உயிர் அது. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனைக் காற்றில் முதலில் நிரப்பியதே இந்த இனம்தான். வயலில் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் என்று நெல் விவசாயிகள் உரமாகப் போடும் நீலப்பச்சைப்பாசியும் இதே குடும்பம். குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

ஏரிகளில் ஏடாகப் படர்பவற்றில் பேர்போனது மைக்ரோசிஸ்டிஸ். அதன் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு. அவற்றைக் கொண்டு வெளிச்சம் தேடி மேலே வரும், கீழேயும் இறங்கும். தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் சுட்டு, அசையாமல் நின்று, பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். கடலூர் மாவட்டத்துச் சித்திரை, வைகாசிக்கு இந்த மூன்றையும் கொடுக்கத் தெரியும்.

கரையில் நிற்பவர்கள் செய்துபார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு ஏரித் தண்ணீரை மொண்டு, மூடி, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை முழுக்க மேலே வளையமாகத் திரண்டிருந்தால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி. இனம் தெரிந்துகொள்ள இது போதும்; நஞ்சு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போதாது. ஒரே இனத்தில் நஞ்சு சுரக்கும் வகையும் உண்டு, சுரக்காத வகையும் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அதனால் பச்சையைக் கண்டதும் ஊரைக் கூட்டிக் கத்தவும் வேண்டாம், 'வருஷா வருஷம் வர்றதுதானே' என்று விட்டுவிடவும் வேண்டாம்.

கொதிக்கக் கொதிக்க...

மைக்ரோசிஸ்டிஸ் சுரக்கும் நஞ்சின் பெயர் மைக்ரோசிஸ்டின். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு. இந்த வளையம் கொதிநீரில் உடையாது. கிருமியைக் கொல்லத்தான் நாம் தண்ணீரைக் காய்ச்சுகிறோம். இங்கே கிருமி செத்த பிறகும் அதன் நஞ்சு மிஞ்சுகிறது. சூட்டில் செல் வெடிக்க, உள்ளே அடைந்திருந்த நஞ்சும் தண்ணீரில் கலக்கிறது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது மிச்சத்தில் நஞ்சின் செறிவு கூடுகிறது. பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடும் அக்கறையுள்ள தாய்தான் இதில் அதிகம் ஏமாறுகிறாள்.

மைக்ரோசிஸ்டின் குறிவைப்பது கல்லீரலை. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1998-ல் ஒரு வழிகாட்டு அளவைச் சொன்னது. ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்கான அளவு அது. குறுகிய காலத்துக்கு 12 மைக்ரோகிராம் வரை என்று 2020-ல் தனியே வகுத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015-ல் குழந்தைகளுக்கென்று தனிக் கோடு போட்டது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கும் பள்ளி செல்லாத பிள்ளைக்கும் 0.3, மற்றவர்களுக்கு 1.6 மைக்ரோகிராம். உடம்பு எடைக்குப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அதிகம் என்பதால்தான் இந்த வேறுபாடு.

டொலிடோவில் ஒரு சனிக்கிழமை

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரை நகரமான டொலிடோ விடிவதற்கு முன்பே ஓர் அறிவிப்போடு கண்விழித்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சவும் செய்யாதீர்கள். நகரின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரிலேயே மைக்ரோசிஸ்டின் வரம்பு தாண்டியிருந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலுமாக 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் குழாயை நம்பியிருந்தவர்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்தது. மாநில ஆளுநர் அவசரநிலை அறிவிக்க, தேசியக் காவல்படை தண்ணீர் கொண்டுவந்தது. திங்கட்கிழமை தடை நீங்கியதும் மேயர் காலின்ஸ் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

மூன்றே நாள். ஆனால் அந்த மூன்று நாளில் டொலிடோ நிர்வாகம் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். சோதித்தது, கெட்டது தெரிந்ததும் நள்ளிரவு என்று பாராமல் சொல்லிவிட்டது. 'காய்ச்சாதீர்கள்' என்று தெளிவாகச் சொல்லியிராவிட்டால் ஊரே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலின் கருவாரு நகரம் சாட்சி. 1996. வறட்சியில் அணை வற்றிப் பாசி மண்டியது. முழுமையாகச் சுத்திகரிக்காத தண்ணீர் லாரியில் ஏற்றப்பட்டு ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போனது. டயாலிசிஸில் தண்ணீர் வயிற்றுக்குள் போவதில்லை; மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் நோயாளியின் ரத்தத்தோடு உறவாடுகிறது. ஒருமுறை சிகிச்சைக்கு நூறு லிட்டருக்கு மேல் செலவாகும். நோயாளிகளுக்கு முதலில் தலைவலி, வாந்தி, கண் மங்கல். பிறகு கல்லீரல் செயலிழப்பு. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று நம் ஊர்ப்பக்கத்து மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் நடக்கிறது. அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் வடிகட்டப்படுகிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-ல் நடந்தது நம் விவசாயிகளுக்குச் சட்டென்று புரியும். அணையில் பாசி மண்டி, தண்ணீர் சுவை கெட்டது. மயில்துத்தத்தைக் கரைத்து அணையில் கொட்டினார்கள். தோட்டத்துக்கு போர்டோ கலவை அடிக்கும் அதே துத்தம்தான். பாசி செத்தது. சில நாளில் 148 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், கல்லீரல் வீங்கி, வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பாசி செத்தபோது அதன் உடம்பிலிருந்த நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கிவிட்டது. பச்சை போய்விட்டதால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிய நேரத்தில் இது நடந்தது.

சீனாவின் வூஷி நகரில் 2007 மே கடைசியில் தாய் ஏரி பச்சையாகி, 20 லட்சம் பேருக்குக் குழாயில் நாற்றத் தண்ணீர் வந்தது. பாட்டில் தண்ணீர் விலை பல மடங்கு ஏறியது. கோடைகாலத்துக் கேன் விலை தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிளாஸ்டர் அச்சில் பூக்கும் உப்பு

கேண்டில் கதைக்கு வருவோம். பீங்கான் ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டறையிலேயே பாடம் இருக்கிறது.

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, ரயில்வே ஜங்ஷன், அதற்கடுத்துப் பீங்கான். அரசுத் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இங்கே உண்டு. அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர், கப், ஜாடி என்று ஊர் பேர் சொல்லும் சரக்குகள் பல. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெட்டியெடுக்கும் மண்ணில் களிமண்ணும் கிடைப்பது இந்தத் தொழிலுக்கு வாய்த்த கொடுப்பினை.

பட்டறையில் பொம்மை வார்க்கும் இடத்தைப் பாருங்கள். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் பால் மில்லில் தண்ணீர் விட்டு மாவாக அரைத்து, இளகலாக நிற்பதற்குச் சோடியம் சிலிகேட் கொஞ்சம் சேர்ப்பார்கள். அந்தக் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சுச் சுவரின் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். களிமண் உள்பக்கம் ஒட்டித் தோலாகத் திரளும். தோல் வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே கூடான பொம்மை நிற்கும். அச்சு காய்ந்த பிறகு அதன் வெளிப்பக்கம் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். வேலைக்காரர்கள் அதைச் சுரண்டி எடுப்பார்கள். அது உப்பு. களிமண் துகள் நுழைய முடியாத துளை வழியே, தண்ணீரில் கரைந்திருந்த உப்பு தண்ணீரோடு ஊர்ந்து மறுபக்கம் வந்துவிட்டது.

கேண்டில் ஃபில்டரிலும் நடப்பது இதுதான். நல்ல கேண்டிலின் துளை ஒரு மைக்ரான் அளவுக்கு இருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் செல் அதைவிடப் பல மடங்கு பெரிது. உள்ளே போகாது, வெளியே தங்கிவிடும். செல்லிலிருந்து கசிந்து கரைந்த மைக்ரோசிஸ்டினோ சில நானோமீட்டர்தான். ஒரு மைக்ரானுக்கு ஆயிரம் நானோமீட்டர். அச்சைத் தாண்டிய உப்பு போல நஞ்சும் கேண்டிலைத் தாண்டிவிடும். கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீர் பளிங்காகத் தெரியும். அந்தப் பளிங்கு எதற்கும் உத்தரவாதமில்லை.

இன்னொன்றும் உண்டு. கேண்டில்மேல் தங்கிய பாசியைத் தேய்த்துக் கழுவாமல் நாள்கணக்கில் விட்டால் அது அங்கேயே செத்து நஞ்சைக் கசியவிடும். கேண்டில் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். லண்டனில் டௌல்டன் நிறுவனம் பீங்கான் வடிகட்டி செய்ய ஆரம்பித்ததிலிருந்து, பாஸ்டரின் சகா சேம்பர்லாண்ட் 1884-ல் பாக்டீரியாவையும் தடுக்கும் பீங்கான் குழாய் செய்தது வரை, கிருமி விஷயத்தில் பீங்கான் மனித குலத்துக்குச் செய்த உதவி சின்னதல்ல. 1999 ஒடிசா பெரும்புயலுக்குப் பிறகு, சிவப்புக் களிமண், ஆற்று மணல், மரத்தூள் கலந்து சுட்ட டெராஃபில் வட்டுகளை புவனேஸ்வர் ஆய்வுக்கூடம் மக்களிடம் கொண்டுபோனது. கலங்கல், கிருமி, இரும்பு மூன்றுக்கும் அது கைகொடுத்தது. பீங்கானால் முடிந்தது அவ்வளவு. கரைந்த நஞ்சைப் பிடிக்க அதற்குத் துணையாகக் கரி வேண்டும். தேங்காய்ச்சிரட்டைக் கரியை ஆவியில் ஏற்றிச் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன்.

களிமண்ணும் சிரட்டைக் கரியும் சேர்ந்த வடிகட்டியை உருவாக்கி, பாசி நஞ்சுக்கு அதைச் சோதித்துப் பார்க்க விருத்தாசலத்தை விடப் பொருத்தமான ஊர் எது? களிமண் பக்கத்தில், சூளை கையில், படித்த பிள்ளைகள் கல்வி நிலையத்தில். அகலுக்கும் பொம்மைக்கும் போட்டி கூடிவிட்ட காலத்தில், தொழிற்பேட்டைக்குப் புதுச் சரக்கு ஒன்று கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. ஆய்வகச் சான்றில்லாமல் விற்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

சுத்திகரிப்பு நிலையத்தில்தான் முடிவு

வீட்டு வடிகட்டி கடைசி அரண்தான். பாசியை மடக்க வேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம்.

2004-ல் இயங்கத் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தில் ஒரு நாளைக்கு 180 மில்லியன் லிட்டர் சென்னைக்கு எடுக்க ஏற்பாடு. சேத்தியாத்தோப்பில் உறிஞ்சும் தண்ணீர் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, கடாம்புலியூர் வழியாகப் போரூருக்குப் போகிறது. இத்தகைய நிலையங்களின் வழக்கமான வரிசை: படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரட்டி அடியில் படியவிடுவது, மணல் வடிகட்டியில் இறக்குவது, கடைசியில் குளோரின். தேற்றாங்கொட்டை உரசிய பானையில் நம் பாட்டிமார் செய்ததன் பெரிய வடிவம் அது.

பாசி மண்டிய தண்ணீர் இந்த வரிசையை ஒவ்வொரு படியிலும் சோதிக்கும். பகலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறும், 9-ஐக் கூடத் தாண்டும். அந்த நிலையில் படிகாரம் சரியாகத் திரளாது, குளோரினின் வீரியமும் குறையும். மிதக்கும் பாசி படிய மறுக்கும். மணல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அடிக்கடி அலச வேண்டியிருக்கும், நிலையம் தரும் தண்ணீரின் அளவு குறையும். அப்போது அனுபவமில்லாத கை முதலில் செய்வது, வரும் தண்ணீரிலேயே குளோரினை அள்ளிக் கொட்டுவது. பாம் தீவில் துத்தம் செய்ததை இங்கே குளோரின் செய்யும். உயிருள்ள செல்லை உடைத்தால் நஞ்சு கரைசலாகிவிடும். கரைந்ததை மணல் பிடிக்காது.

சரியான வழி நேர்மாறானது. செல்லை உடைக்காமல் முழுசாக அகற்ற வேண்டும். ஏடு மேலே மிதக்கும் நாளில் உறிஞ்சும் மட்டத்தைக் கீழே இறக்க வேண்டும். பி.எச்.சைச் சரிசெய்து படிகாரம் போட வேண்டும். கரைந்த நஞ்சுக்கும் நாற்றத்துக்கும் கார்பன் தூளைச் சேர்க்க வேண்டும். பாசி அகன்ற பிறகு, கடைசியில் குளோரினுக்குப் போதிய நேரம் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் குளோரின் நல்லதே செய்கிறது, பி.எச். 8-க்குக் கீழே இருந்தால் மிஞ்சிய மைக்ரோசிஸ்டினைச் சிதைக்க அதனால் முடியும். மருந்து ஒன்றுதான், போடும் வேளைதான் முக்கியம்.

குழாயில் மண்வாசனை அடித்தால்? அதற்குக் காரணம் பெரும்பாலும் ஜியோஸ்மின் என்ற பொருள். மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையும் அதுவே. லிட்டருக்குப் பத்து நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அது நஞ்சல்ல. 2020 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோ நகரமே இந்த வாசனையால் கலங்கிப்போய் பாட்டில் தண்ணீருக்கு ஓடியது. வாசனை வந்தால் ஏரியில் ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வாசனை வராததால் நஞ்சில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.

பாசிக்குச் சோறு போடுவது யார்?

கனடாவில் 1973-ல் விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர் 226 என்ற எண் கொண்ட ஓர் ஏரியைக் குறுக்கே திரைபோட்டு இரண்டாக்கினார். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார். சில வாரங்களில் பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையானது. மறுபாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்குப் பெரிய பலமானது. டொலிடோவுக்குப் பிறகு அமெரிக்காவும் கனடாவும் 2016-ல் ஈரி ஏரியின் மேற்குப் பகுதிக்குள் வரும் பாஸ்பரஸை 40 சதவீதம் குறைக்க இலக்கு வைத்ததும் இதே கணக்கில்தான்.

வீராணத்துக்குத் தண்ணீர் வரும் தடத்தைப் பின்னோக்கிப் பாருங்கள். வடவாறு, கொள்ளிடத்துக் கீழணை, காவிரி, மேட்டூர். அந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியிலும் பச்சைப் படலமும் துர்நாற்றமும் தலைகாட்டுவதும், அரசுத் துறையினர் நுண்ணுயிர்க் கலவை தெளிப்பதும் பல ஆண்டுகளாகச் செய்தியாகின்றன. வழிநெடுக ஊர்களின் சாக்கடை, வயல்களின் டி.ஏ.பி., சலவை நுரை எல்லாம் சேர்ந்துதான் இங்கே வருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்து வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வந்த பாஸ்பரஸ் ஏரியடி வண்டலில் தங்கும். கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது வண்டல் அதைத் திரும்பக் கக்கும். மழையே இல்லாத மாதத்தில் ஏரி பச்சையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பராந்தகச் சோழன் காலத்து ஏரி இது. 47.5 அடி முழு மட்டம் என்பது இன்றைய கணக்கு. வண்டல் ஏற ஏற ஆழம் குறைகிறது, ஆழம் குறைந்த தண்ணீர் சீக்கிரம் சுடுகிறது. தூர்வாரினால் கொள்ளளவு கூடும் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். பாசிக்கான சேமிப்புக் கிடங்கையும் சேர்த்தே அள்ளுகிறோம் என்பதைச் சொல்வதில்லை. கோடையில் ஏரி வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்த நம் முன்னோர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஏரியில் நஞ்சுக்கு வித்திடும் பாஸ்பரஸ் வயலில் உரம். வண்டல் எடுக்க அனுமதி கேட்டு அலையும் விவசாயிக்குக் காகிதத்தைச் சீக்கிரம் கொடுப்பதும் குடிநீர்த் திட்டத்தின் ஒரு பகுதிதான். அடியுரம் போட்ட வயலில் ஒரு வாரத்துக்கு வடிமடையைத் திறக்காமல் இருப்பதும் அப்படியே.

மணலையும் சொல்லாமல் விட முடியாது. மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடாத நாளிலும் மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த மணல் வெறும் சல்லடை இல்லை. தண்ணீர் மெல்ல இறங்கும்போது மணல்மேல் வாழும் பாக்டீரியாக்களில் சில மைக்ரோசிஸ்டின் வளையத்தை வெட்டித் தின்னக்கூடியவை. கொதிநீருக்கு உடையாததை இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் உடைக்கின்றன. ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுப்பதன் அருமை இதில் இருக்கிறது. லாரி லாரியாக அள்ளிய மணலோடு போனது கட்டுமானப் பொருள் மட்டுமல்ல, கட்டணமில்லாமல் ஓடிய ஒரு சுத்திகரிப்பு நிலையமும்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• குழாய்த் தண்ணீர் பச்சையாகவோ நுரைத்தோ அழுகல் நாற்றத்துடனோ வந்தால், சரியாகும் வரை குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். காய்ச்சினாலும் குளோரின் மாத்திரை போட்டாலும் அதைக் குடிநீராக்க முடியாது. குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவே கூடாது.

• மாற்றாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நல்லது. அதை வழக்கம்போல் காய்ச்சிக் குடிக்கலாம். கேன் வாங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், அடைத்த தேதி, சீல் மூன்றையும் பாருங்கள்.

• சரியாகப் பராமரித்த ஆர்.ஓ. மைக்ரோசிஸ்டினைப் பெருமளவு தடுக்கும். கார்பன் ஃபில்டரும் உதவும், காலாவதி ஆவதற்குள் மாற்றினால். வெறும் யு.வி. விளக்கு போதாது.

• கல்லீரல் நோயாளிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

• ஏடு படர்ந்த ஏரியில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். ஆடு, மாடு, நாய் கரையோரம் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• மாடித் தொட்டியில் வளரும் பாசி வேறு ரகம். வெளிச்சம் நுழைவதால் வருவது. கறுப்புத் தொட்டி, இறுகிய மூடி, முறையான கழுவல் போதும். ஊராட்சித் தொட்டிகளை மாதம் இருமுறை கழுவ வேண்டும் என்பது நடைமுறை. கழுவிய தேதி தொட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

• சந்தேகம் வந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். பாசி பற்றிய சந்தேகம் என்று தனியாகச் சொல்லுங்கள். வழக்கமான உப்பு, கடினத்தன்மை, கிருமிச் சோதனையில் பாசி நஞ்சு தெரியாது.

கேட்க வேண்டியது

இத்தனையையும் படித்துவிட்டு ஆர்.ஓ. கடைக்குப் போவதுதான் பலருக்குத் தோன்றும். காசிருக்கிறவர் வாங்குவார். தினக்கூலிக்குச் சூளை வேலைக்குப் போகிறவர் தெருக்குழாயில்தான் பிடித்தாக வேண்டும். கிருமிக்கு எதிராக ஏழைக்கும் ஓர் ஆயுதம் இருந்தது: விறகும் பானையும். பாசி நஞ்சுக்கு எதிராக அந்த ஆயுதம் செல்லாது. வீட்டில் தீராத சிக்கலை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆகவே கேள்வி நகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் போக வேண்டும்.

ஏரித் தண்ணீரை நம்பும் ஒவ்வொரு திட்டத்திலும் மாசி முதல் ஆவணி வரை வாரம் ஒருமுறையாவது பாசிச் செல்லை எண்ணுகிறார்களா? குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நஞ்சுச் சோதனைக்கு எங்கே அனுப்புகிறார்கள், முடிவு எத்தனை மணி நேரத்தில் வருகிறது? கார்பன் தூள் கையிருப்பு எத்தனை நாளைக்கு? கெட்டது என்று தெரிந்தால் ஊருக்கு எப்படிச் சொல்வார்கள்? ஆட்டோ மைக்கில் 'காய்ச்சிக் குடிங்க' என்ற பழைய பல்லவியா, 'காய்ச்சாதீங்க, லாரித் தண்ணி எத்தனை மணிக்கு வருது' என்ற தகவலா?

புயலுக்கு எச்சரிக்கைக் கூண்டு ஏற்றத் தெரிந்த கடலூர் மாவட்டத்துக்கு ஏரிக்கும் ஓர் எச்சரிக்கை முறை வகுப்பது முடியாத காரியமல்ல. அடுத்த கிராமசபையிலும் நகர்மன்றக் கூட்டத்திலும் இந்த நாலு கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கோடைக்கு முன்பே வாங்கினால் நல்லது. ஏரி பச்சையான பிறகு வாங்கும் பதிலால் அந்த வருஷத்துத் தாகத்துக்குப் பயனில்லை.